ஒரே வீச்சில் விழுந்த விரிப்பு

பதினெட்டு வருடமாக அந்தத் தீவு விடுதியில் வேலை பார்க்கும் சாவியக்காவுக்கு, தீவின் வாசல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. சிரிக்காதீர்கள். அவள் தினமும் வந்திறங்குவது காய்கறி மூட்டையும் மீன் பெட்டியும் இறங்கும் பின்பக்கப் படகுத்துறையில். அங்கிருந்து துவைக்கிற கூடம், விரிப்பு அடுக்கும் அறை, அப்புறம் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பன்னிரண்டு மர வீடுகள். அந்தப் பன்னிரண்டுக்கும் பொதுவான சாவி அவள் இடுப்பில் தொங்குவதால்தான் அந்தப் பெயர். முன்பக்கம் விருந்தாளிகளுடையது. அங்கே அவளுக்கு என்ன வேலை?

வேலையாட்களில் வருடத்துக்கு ஒருவர், குடும்பத்தோடு இரண்டு ராத்திரி விருந்தாளியாகவே வந்து தங்கலாம் என்று நிர்வாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வருடம் சாவியக்கா. அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றிவிட வந்த ஒவ்வொரு தாய் தகப்பனிடமும், "ரெண்டு நாள் வேன் வராதுங்க, தீவுக்குப் போறோம். எங்க வீட்டம்மாவ வரச்சொல்லி கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த வாரம் முழுக்க வேன் எல்லா இடத்துக்கும் தாமதமாகத்தான் போனது.

வெள்ளைப் படகு முன்துறையில் வந்து நின்றது. குளிர்ந்த துண்டைச் சுருட்டித் தட்டில் நீட்டினார்கள். சாவியக்கா முகம் துடைத்தாள். துடைத்த கையோடு பக்கத்திலிருந்த மூன்று விருந்தாளிகளின் துண்டுகளையும் வாங்கி, மடித்து, தட்டில் அடுக்கிவிட்டாள். ஒருவர் நன்றி வேறு சொன்னார். அடுத்து, "வாங்க, எனக்கு வழி தெரியும்" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தவள், கணவனையும் பதின்மூன்று வயது மகளையும் கொண்டுபோய் நிறுத்தியது சமையற்கட்டின் குப்பைத் தொட்டிக்கு எதிரே.

"இங்கதான் பதினெட்டு வருஷமா வேலை பாக்குறியா, இல்ல எங்கிட்ட சொல்லிட்டு வேற எங்கயாவது போறியா?" என்றார் புருஷன்.

"சும்மா வாங்க. முன்பக்கமா வந்ததே இல்லல்ல?" என்று அவள் சிடுசிடுத்தாலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அறைக்குள் நுழைந்ததும் மகள் மூச்சே விடவில்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. இஸ்திரி போட்ட பிறகுதான் கட்டிலையே உள்ளே கொண்டுவந்தார்களோ என்று தோன்றும். சாவியக்காவுக்கு அது யார் கை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நெட்டை.

நெட்டையும் இவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் மேற்பார்வை வேலை ஒன்று காலியானது. இருவரும் கேட்டார்கள், சாவியக்காவுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சண்டை ஒன்றுமில்லை. ஆனால் டப்பா இரண்டாகிவிட்டது. அப்படிப்பட்ட நெட்டை, சாவியக்கா குடும்பத்தோடு வருகிறாள் என்று தெரிந்ததும், வேறொருத்தியிடம் கெஞ்சி இந்த அறையைத் தன் வேலையாக மாற்றி வாங்கியிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சாவியக்காவுக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. இரண்டு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

"நீ இதவிட நல்லா போடுவியாம்மா?" என்றாள் மகள்.

"பின்ன? இந்தத் தீவுலயே உங்கம்மா கைதான் கை." வீட்டில் பதினெட்டு வருடமாகச் சொல்லிவரும் வசனம்தான், வாயில் தானாக வந்துவிட்டது.

கோளாறு மறுநாள் விடிந்ததும் நடந்தது. வேலை நாளில் எழுகிற நேரத்துக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. புருஷன் குளிக்கப் போயிருந்தார். மகள் பால்கனியில் நின்று கடலுக்குள் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைத் தூக்கத்தில் இவள் கை அதுபாட்டுக்கு விரிப்பை உருவி, உதறி, போட்டு, மூலை மடித்து, தலையணையை வைத்துவிட்டது. வைத்துவிட்டு மூவரும் காலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. ஒருத்தி போட்ட கட்டில் சரியில்லையென்றால் மேற்பார்வை பார்ப்பவள் கத்தமாட்டாள். தானே உருவி மறுபடி போட்டுவிட்டு, தலையணை உறையின் வாயைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது, போட்டவளுக்கு மட்டும் புரியும். அதற்குப் பதில் நாலு பேர் நடுவில் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஆறு மாதப் பழக்கத்தில் சாவியக்காவின் பாழாய்ப்போன கை அன்றைக்கும் உறையின் வாயைச் சன்னல் பக்கம்தான் திருப்பியிருந்தது.

அவர்கள் திரும்பி வரும்போது அறை பெருக்கியிருந்தது, குளியலறை பளபளத்தது. கட்டிலில் மட்டும் விரல் படவில்லை. வெளியே மரப்பாதையில் நெட்டை தள்ளுவண்டியோடு நின்றாள்.

"வேற ஏதாவது வேணுமா மேடம்?"

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது. "என்னடி மேடம்?" என்று கேட்டபடி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். "ஐயையோ! ஏய், சத்தியமா இல்லடி, தூக்கக் கலக்கத்துல கை பழக்கத்துல..."

"நேத்து போட்டது புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம் மேடம். புருஷன் புள்ளைக்கு முன்னாடி திருத்திக் காட்டணுமா?" நெட்டையின் குரல் உயரவே இல்லை. "நாளையிலேருந்து என்னை கடைசி வரிசைக்கு மாத்தச் சொல்லி ஆபீஸ்ல சொல்லிட்டேன். சாயந்திரம் வரைக்கும் இந்த வரிசை என்னுதுதான். எது வேணும்னாலும் கூப்பிடுங்க."

கடைசி வரிசை தீவின் அந்தக் கோடி. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே வேறு. அந்தப் பெஞ்சில் இனி ஒரு சாண் இடைவெளி விட்டு உட்காரக்கூட இன்னொருத்தி இருக்கமாட்டாள்.

அன்று காலை முழுக்க கடல் அழகாகத்தான் இருந்தது. யாருக்கு வேண்டும்? மகள் மிதவையில் படுத்துக்கொண்டு கூப்பிடுகிறாள், புருஷன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரர் மாதிரி நடக்கிறார், இவளோ கரையில் உம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

"போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துரேன்" என்றார் அவர்.

"கேட்டாச்சு. நம்ப மாட்டேங்குறா. நான் போட்ட கட்டில யாராவது அப்படித் திருத்தியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்."

சொன்னவள் சடாரென்று எழுந்தாள். நேராக அறைக்குப் போனாள். விரிப்பைப் பிடுங்கித் தரையில் போட்டாள், தலையணை ஒன்றை அந்த மூலைக்கும் ஒன்றை இந்த மூலைக்கும் வீசினாள். பின்னாலேயே ஓடிவந்த மகளிடம், "ஏறிக் குதி" என்றாள். அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு சாவியக்கா போனை எடுத்து, அந்தப் பதினெட்டு வருடத்தில் மறுமுனையில் மட்டுமே கேட்டிருந்ததை இந்த முனையிலிருந்து சொன்னாள்: "கட்டில் போடணும். ஆளனுப்புங்க."

நெட்டை வந்தாள். கோலத்தைப் பார்த்தாள். சாவியக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு வேலையாள் குனியும்போது தான் உட்கார்ந்திருப்பது அவள் உடம்புக்கே புதுசு. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நெட்டை கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். புது விரிப்பைப் பிரித்து, ஓரத்தை இரண்டு கையிலும் பிடித்து, ஒரு சுண்டு சுண்டினாள். விரிப்பு எழும்பி, காற்றில் ஒரு கணம் நின்று, இறங்கியது. நாலு பக்கமும் ஒரே அளவு. இழுக்கவில்லை, சுற்றிவரவில்லை. வாசலில் வந்து நின்ற புருஷன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்தியா?" சாவியக்கா மகளைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே வீச்சுல விழுந்துச்சு பாத்தியா? எனக்கு இது வராது. பதினெட்டு வருஷமா மூணு தடவ சுத்திவந்து இழுத்துத்தான் நேராக்குறேன். இந்தத் தீவுலயே கைன்னா அது இவ கைதான். நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் சும்மா பீத்தல்."

மகள் அம்மாவையே பார்த்தாள். சாவியக்காவுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இடுப்பில் சாவி ஏறிய அன்றைக்குக்கூட இப்படிப் பெருமையாக இருந்ததில்லை. "என் கூட்டாளி இவ" என்று சத்தமாகச் சொன்னாள்.

நெட்டை மூலை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். மடித்து முடிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது. தலையணைகளைப் பொறுக்கி வைத்தாள்.

"சித்தி, நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?" என்றாள் மகள். "எனக்கும் அந்த வீச்சு கத்துக்கணும்."

"பின்ன வேற எவ வருவா?" என்றபடியே நெட்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரை துடைக்கும் குச்சியை எடுத்தாள். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"காலத் தூக்குடி, தொடைக்கணும்."

சாவியக்கா இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.