ஒட்டிக்கொண்ட தாள்

நூலகத்தின் அடித்தளத்தில் அவளுக்குப் பெயர் கட்டைவிரல் அக்கா. பதினோரு வருடமாகப் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிற வேலை. கட்டைவிரலால் தாளைத் தொட்டதுமே ஒன்றா, ஒட்டிக்கொண்ட இரண்டா என்று சொல்லிவிடுவாள். பக்கங்களை எண்ணிச் சரிபார்க்கச் சொல்லி மேலாளர் தலைபாடாக அடித்துக்கொள்வார். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே. கெட்டிக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. நாலு பேர் சொல்லச் சொல்லத் தலைக்கனம் ஏறிவிட்டது.

இந்த வருடம் வந்தவை பாரில் மது கலப்பவர்களுக்கான நூறு வருடப் பழைய கையேடுகள். மூன்று பெட்டி. சர்க்கரைப்பாகு சிந்தித் தாளெல்லாம் பிசுபிசுத்தது. ஏற்றியதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவள் ஒரு சொட்டு குடித்தவளில்லை. ஓட்டல் பாரில் வேலை செய்யும் தம்பிதான், "குடிக்காதவ ஏத்துற புஸ்தகத்தை வச்சு நான் பொழைக்கிறேன்" என்று கேலி செய்வான். அக்கா என்றால் அவனுக்கு அவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்னக் கையேட்டை ஏற்றினாள். பக்க எண்ணே அச்சிடாத புத்தகம். புதன் காலை அதைப் பெட்டியில் வைக்கும்போது நடுவில் ஒரு தாள் மெல்லப் பிரிந்தது. ஒன்று என்று அவள் புரட்டியது இரண்டு தாள். உள்ளே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: 'பித்தளை துலக்க. வாயில் படக்கூடாது.'

இணையத்தில் திறந்து பார்த்தாள். ஒரு பக்கத்தின் அடியில் எலுமிச்சைச் சாறு, பாகு, முட்டை வெள்ளை என்று தொடங்கிய பானம், அடுத்த பக்கத்தின் தலையில் தங்குதடையில்லாமல் போய்ச் சேர்ந்தது: 'எலுமிச்சை உப்பு இரண்டு கரண்டி. நன்றாகக் குலுக்கவும்.' அது பித்தளை துலக்கும் குறிப்பின் கடைசி வரி. நாக்கில் வைக்கிற புளிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கறை எடுக்கிற விஷத்துக்கும் அந்தக் காலத்தில் அதுதான் பெயர். போன மாதம் வேறொரு கையேட்டில் அவளே படித்திருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"நேத்து நான் ஏத்தின புஸ்தகத்துல இருக்கிற எலுமிச்சைப் பானத்தைப் போட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா. சாமான் வாங்கணும். ஏன்?"

போன உயிர் திரும்பி வந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"நான் போடலக்கா. ஆனா நேத்தே எங்க பார்காரங்க குரூப்ல அந்தப் பக்கத்தை அனுப்பிட்டேன். நாப்பது பேரு. எங்க அக்கா வேலைன்னு வேற எழுதி."

பக்கத்தை நீக்கினாள். இறங்கிப் போனதை யார் நீக்குவது? அந்த நாற்பது பேரின் பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் அதே நாலு வார்த்தை. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நல்லவேளை, அதை வாங்கத்தான் கடையில நிக்கிறேன்" என்றார்.

அவள் பங்கில் பத்தொன்பது பேர் தப்பித்தார்கள். இருபதாவது எண்ணை ஒரு பெண் எடுத்தாள்.

"அவரு படுத்திருக்காருங்க. நேத்து ஏதோ புதுசாக் கலந்து ருசி பார்த்தாராம். விடிஞ்சதிலேருந்து வாந்தி. ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. நீங்க யாரு பேசறது?"

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவரு குடிச்சது விஷம்."

"விஷமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அந்தப் பக்கத்தை ஏத்தினது நான்தாங்க" என்றாள்.