தவராசா ஏன் விழுந்தான்

அமெரிக்கர்கள் ஹெல்மெட் மாட்டி ஆடும் ஃபுட்போலை நியூசிலாந்தின் ஒக்லாந்திலும் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எண்பத்தாறில் யாருக்கு ஆசை வந்ததோ, அந்த ஆசைக்கு முதுகைக் கொடுத்தவன் தவராசா. பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவன். மதிய இடைவேளையில் அவன் பந்தெறியும் தூரத்தைப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள் அவனைத் தங்கள் குழுவின் குவாட்டர்பேக் ஆக்கினார்கள். முன்னால் ஐந்து தடியர்கள் எதிராளிகளை மறிப்பார்கள். அவன் பின்னால் நின்று, நிதானித்து, முன்னே ஓடுகிறவனுக்குப் பந்தை எறிய வேண்டும்.

நிதானிக்க எவன் விட்டான்? பந்து கைக்கு வந்ததுமே எதிராளிகள் மேலே விழுந்தார்கள். சனிக்கிழமை தோறும் இதே கூத்து. "பந்தை வைத்துக்கொண்டு தூங்குகிறாயா? இன்னொரு தரம் விழுந்தால் உனக்கு இடமில்லை," என்று கோச் எல்லார் முன்னாலும் கத்தினார்.

மனுரேவாவிலுள்ள வீட்டில் அவன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தபடி மனைவி வசந்தமலர் கேட்டாள்: "மறிக்கவெண்டு அஞ்சு பேர் நிக்கினமெண்டியள். அவை என்ன செய்யினம்?"

அடுத்த ஆட்டத்தில் அவன் அவர்களைக் கவனித்தான். பந்து கைக்கு வந்ததுதான் தாமதம், ஐந்து பேரும் விலகி, அவனுக்குப் பின்னால் ஓடிவந்து கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்! விழுந்த வேகத்திலேயே எழுந்து, நடுவில் நிற்கும் பீட்டாவின் சட்டையைப் பிடித்தான். பீட்டாவுக்கும் கோபம். "ஒவ்வொரு தரமும் உனக்குத் துணையாகத்தானே ஓடி வருகிறோம். ஒருநாளாவது பந்தைத் தந்தாயா?"

ஐந்து பேரும் நடக்கப் பழகியதும் ரக்பி ஆடியவர்கள். அங்கே பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் நின்று மறிப்பது குற்றம். பந்தைப் பின்பக்கமாகத்தான் கொடுக்கலாம் என்பதால், அதை வாங்கப் பின்னால் ஓடி வருவதுதான் தோழமை. மூளை புது விளையாட்டைப் படித்தாலும் கால் படிக்கவில்லை.

தவராசா இதைச் சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத்தான் கோச் எடுத்துக்கொண்டார். கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் பாவம் அவள் என்ன செய்வாள்? அவனை வெளியே உட்கார வைத்து, கிரெக் என்ற வெள்ளைக்காரனை இறக்கினார்.

கிரெக் முதல் பந்திலேயே விழுந்தான். அடுத்ததிலும் விழுந்தான். மூன்றாவதில் நொண்டிக்கொண்டு எழுந்தான். கோச் மைதானத்துக்குள் பாய்ந்து ஐந்து பேரையும் பிடித்து உலுக்கினார். "முன்னால் நின்று மறியுங்கள்! நீங்கள் ஓடிப்போனால் அவன் என்ன செய்வான்?"

தவராசா எழுந்து போய்க் கேட்டே விட்டான்: நான் விழுந்தால் என் பிழை, கிரெக் விழுந்தால் அவர்கள் பிழையா?

"இதற்கெல்லாம் கோபிக்கலாமா? அவனுக்குக் கால் நோகிறது. நீ போய் நில், இனி மறிப்பார்கள்," என்றார் கோச்.

தவராசா ஹெல்மெட்டை அவர் கையில் திணித்துவிட்டுக் காரை நோக்கி நடந்தான். ஆட்டம் பார்க்க வந்திருந்த வசந்தமலர் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏனப்பா, இனி மறிப்பினமெண்டுதானே சொல்லுறார்?"

"ஓம், மறிப்பினம். கிரெக் விழுந்ததாலதான் மறிக்கப்போகினம். நான் விழேக்க ஒருத்தனுக்கும் கண் தெரியேல்ல," என்றான்.