பாய்லர் படத்தின் கீழ் எழுதியது

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம், ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். கம்பெனி ஆட்கள் போனிலேயே பார்த்துப் படிக்கிற பாடங்களைத் தயாரிப்போம். நான் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்றது ஒரு ரைஸ் மில்லின் பாடம். நெல் அவிக்கிற பாய்லர் பக்கத்தில் எப்படிப் பத்திரமாக வேலை பார்ப்பது என்று புது ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். மில் ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் சொந்தம். இருவரும் ஒப்புதல் தந்தால்தான் பாடம் வெளியே போகும். பொங்கலுக்குள் அதை வாங்காவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார் எங்கள் டீம் லீட். சொன்னால் செய்கிற அம்மா அவர்.

பாடத்தை இணையத்தில் போட்டு, திருத்தங்களை அங்கேயே எழுதச் சொன்னோம். பாய்லர் படத்தின் கீழ் அண்ணன் எழுதினார்: “ரொம்ப நேரம் நின்னா முதுகு வலிக்கும். உக்காந்து பாக்கணும்.” நியாயம்தானே என்று படத்தில் ஒரு ஸ்டூல் போட்டேன். மறுநாள் தம்பி எழுதியிருந்தார்: “முதுகு இப்ப பரவாயில்லை.” யார் முதுகு? படத்தில் நிற்பவருக்குப் பெயர்கூடக் கிடையாது! ஸ்டூலை எடுத்தேன். “டாக்டர் என்ன சொன்னார்?” என்றார் அண்ணன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. முதலுதவியைக் கேட்கிறார் போல என்று அதற்கும் ஒரு பக்கம் சேர்த்தேன். அதன் கீழே தம்பி, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதினார்.

எரிச்சல் தாங்காமல் மில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, உங்கள் முதலாளிகளுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். தோப்பைப் பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதை அவரிடம்தான் ஜாடையாகச் சொல்வார்களாம். இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சேர்த்ததையெல்லாம் எடுத்துப் பாடத்தைச் சரிசெய்தேன். ஒரு திருத்தமும் பாக்கியில்லை. ஆனாலும் இருவருமே ஒப்புதல் பட்டனைத் தொடவில்லை. ஏன் என்று குழம்பிக் குழம்பி, போகிக்கு முதல் நாள் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“பாடம் நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார்.

“அப்ப ஒப்புதல் குடுத்துடுங்களேன் சார்.”

“குடுத்தா இந்தப் பக்கம் பூட்டிக்கும்னு போட்டிருக்கே?”

ஆமாம் என்றேன். அப்புறம் யாராலும் எழுத முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன்.

“பொங்கல் கழிச்சு அவனுக்கு ஸ்கேன் இருக்கும்மா. என்ன ஆச்சுன்னு நான் எங்க போய்க் கேக்குறது?”

எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார், கேளுங்களேன் என்று வாய் வரைக்கும் வந்தது. கோபமா பரிதாபமா என்று எனக்கே தெரியவில்லை. மெதுவாகப் பாருங்க சார் என்று வைத்துவிட்டேன். கிளையண்ட் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று டீம் லீடுக்கு எழுதினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது பாடம் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அழுகையாக வந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் புதியவர் லேப்டாப்போடு என் மேசைக்கு வந்தார். பாய்லர் படத்தின் கீழ், ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று தம்பி எழுதியிருந்தார். இதில் எதைத் திருத்துவது என்று கேட்டார் புதியவர்.

“எதையும் திருத்தாதீங்க,” என்றேன். “அவங்க அண்ணன் படிக்கிற வரைக்கும் அதை அப்படியே விட்டுடுங்க.”