படுத்துக்கொண்டே பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு

ஆடி வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணி. பட்டாபிராமில் எங்கள் வீட்டு வாசலில் என்னை மல்லாந்த நிலையில் உட்கார வைத்து, முதுகுப் பக்கமிருந்து தள்ளிவிட்டான் என் மனைவியின் தம்பி ஆரோக்கியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் போன அந்தப் பயணம் அப்படித்தான் ஆரம்பித்தது.

வண்டி சைக்கிள்தான். ஆனால் சாய்ந்து படுத்தபடி ஓட்டுவது. ஆரோக்கியம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, பழைய ஒயர் நாற்காலி ஒன்றைச் சாய்த்துப் பற்றவைத்துச் செய்துவிட்டான். பெடல்கள் முன்சக்கரத்துக்கும் முன்னால், நீட்டிய காலுக்கு நேரே இருக்கும்.

எனக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோயிருந்தது. சாதாரண சைக்கிள் சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டத்தில் நிற்க முடியாமல் லீவு போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணி ஷிப்டுக்கு வராவிட்டால் என் லேத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஃபோர்மேன் ஆள் அனுப்பியிருந்தார். கம்பெனி அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது.

சில நாள் தெருவுக்குள்ளேயே பழகியிருந்தேன். ஓடத் தொடங்கிவிட்டால் வண்டி போகும். நின்ற இடத்திலிருந்து கிளப்புவதுதான் வரவில்லை. இரண்டு காலையும் தூக்கிப் பெடலில் வைத்ததும் இடமும் வலமும் நெளியும். பயந்து ஹேண்டிலை இறுக்குவேன், விழுவேன்.

“ஹேண்டில புட்ச்சித் தொங்காத மாமா! முதுக சேருக்குக் குட்துட்டு கைய லூசா வுடு!” என்று கத்திக்கொண்டே ஆரோக்கியம் கொஞ்ச தூரம் ஓடிவந்தான். பிறகு நான் தனி.

ஆறு மணி, ஆவடி. முதல் அதிர்ச்சி உயரம். லாரிச் சக்கரத்தின் நட்டுகள் என் காதுக்கு நேரே சுற்றின. பஸ் புகை நேராக முகத்துக்கு வந்தது. ஒரு தெருநாய் கூடவே ஓடிவந்து என் கண்ணோடு கண் பார்த்தது. அதற்கும் அதிர்ச்சிதான், குரைக்கவே இல்லை. செருப்பு பெடலில் நிற்காமல் நழுவியதால் பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு மிதித்தேன். செயினில் மாட்டாதிருக்கப் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தேன். நாலு பேர் பார்த்தாலே தலை குனிகிறவன் நான். இந்த வண்டியில் குனியவும் முடியாது.

“இன்னா அண்ணாத்தே, ஊட்ல பட்க்க எடமில்லியா?” என்றான் லாரி கிளீனர்.

“டேய், பாடை தானா போவுதுடா!” என்றது ஒரு டீக்கடை.

ஆறு இருபது, திருமுல்லைவாயல். அம்மன் கோயிலுக்குப் பால்குடம் போய்க்கொண்டிருந்தது. பம்பைச் சத்தம் காதைக் கிழித்தது. கூட்டத்துக்குள் மாட்டி வண்டி நெளிந்து நின்றுவிட்டது. தெருப் பெண்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று, பால்குடம் எடுத்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது என் வெறுங்கால்.

“தோ பாருடி, பட்த்துகினே கோயிலுக்குப் போறாரு! இன்னா வேண்டுதலோ!”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குடம் தண்ணீர் சில்லென்று காலில் விழுந்தது. வேப்பிலை விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன்.

“எதுக்கு நைனா நேந்துகினே?” என்று கேட்டாள் குடம் வைத்திருந்த அம்மாள்.

“இடுப்பும்மா,” என்றேன். அது பொய் இல்லை.

“ஆத்தா பாத்துக்குவா. ஏன் நின்ட்டே?”

“கிளப்ப வரலம்மா.”

“ஏய், வாங்கடி! தள்ளி வுடலாம்!”

நாலைந்து பேர் நாற்காலியைப் பிடித்துத் தள்ளினார்கள். குலவைச் சத்தம் எழுந்தது. “வழி வுடுங்க, சாமி வர்து!” கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் என் கைகள் ஹேண்டிலின் மேல் சும்மா கிடந்தன. வண்டி நெளியவே இல்லை. கோயில் திருப்பத்தில் எல்லோரும் திரும்பினார்கள், நான் நேரே போனேன்.

“அய்யய்யோ, சாமி வழி தப்பிப் போவுதே!” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கம்பெனி கேட். ஃபோர்மேன் அங்கேயே நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

“இன்னாயா, காலெல்லாம் மஞ்சளாக் கீது?”

“லேட்டாயிடுச்சா சார்?”

“இல்ல, இல்ல. போ, போய் உன் மிஷினப் போடு.”

லேத்தைப் போட்டேன். சுருள் சுருளாக இரும்பு உதிர ஆரம்பித்த பிறகுதான் அன்றைய பெரிய அதிர்ச்சி வந்தது. திருமுல்லைவாயலுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையம் இருக்கிறது. உள்ளே திரும்பும் பஸ், வெளியே வரும் பஸ், காய்கறி வண்டி, பள்ளிக்கூட ரிக்‌ஷா எல்லாம் முட்டிக்கொள்ளும் இடம். அதை எப்படிக் கடந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காலை நேரத்தில் அங்கே ஒரு முறையாவது நிற்காமல் யாரும் வர முடியாது. அப்படியென்றால் நானும் நின்றிருக்கிறேன். யாரும் தள்ளாமல் நானே கிளம்பியும் இருக்கிறேன்.