பாதியில் நிறுத்தாத பாட்டு

இலங்கையில் யுத்தம் முடிவதற்கு முந்திய ஆண்டு. மாத்தளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அந்த முறை மாரியம்மன் திருவிழாவுக்கு வர முடியாது என்று மேளக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வழியெல்லாம் ஆமி செக்கிங், அவர்களைக் குறை சொல்ல முடியாது. டவுனில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த என் கொழுந்தனார், மேளத்தையும் பாட்டையும் கம்ப்யூட்டரில் போடுவதாகக் கோயில் தலைவரிடம் ஒப்புக்கொண்டார்.

"அபிஷேகம் நடக்கிறப்ப ஒங்க பொட்டி நின்னுச்சுன்னா, நீங்கதான் தவில் அடிக்கணும் தம்பி" என்று தலைவர் சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்கு அவர் எடுத்த பாட்டு மென்பொருளை எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் சேர்ந்து, காசு வாங்காமல் சும்மா செய்து கொடுத்திருந்தார்கள். அதன் உள்வேலையையும் யாரும் பார்க்கலாம், பழுது கண்டால் எழுதலாம், திருத்தலாம். கேட்டதும் எனக்கு அது அன்னதானம் மாதிரி இருந்தது.

"அண்ணி, நீங்க போட்டுப் பாருங்க. நான் எனக்குத் தெரிஞ்சதையே அமுக்கிக்கிட்டு இருக்கேன்" என்று கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகப் பாடியது. பிறகு இழுத்து இழுத்துப் பாடி, அப்படியே உறைந்துவிட்டது.

அவர் போட்டால் நாள் முழுக்க ஓடும். நான் போட்டால் நிற்கும்.

"மாரியம்மாவுக்கு இது பிடிக்கலையோ தம்பி?"

"அம்மாவுக்கு என்ன அண்ணி, ஒங்க கையைத்தான் அதுக்குப் பிடிக்கல."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஏன் என் கைக்கு மட்டும் என்று அறியும் ஆசை விடவில்லை. மறுபடி செய்கிறேன், பக்கத்திலிருந்து பாருங்கள் என்றேன்.

ஒரு பாட்டைப் போட்டேன். அடுத்தது வேண்டும் என்றபோது, அதன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தேன்.

"நிறுத்தலையா அண்ணி?"

"சாமி பாட்டைப் பாதியில நிறுத்தலாமா? அது மெதுவாப் பாடி முடியட்டும்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு அதன் உள்வேலையைத் தேடிப் பார்த்தார். சத்தம் அறவே இல்லாமல் போனால், அந்த மென்பொருள் பாட்டைத் தூங்க வைத்துவிடுமாம். பாட்டு முடிந்தால்தானே அது பிடித்த நினைவகம் காலியாகும்? நான் அப்படி விட்ட பாட்டுகள் முடியவும் இல்லை, இடத்தை விடவும் இல்லை. புதுப் பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிருக்கிறது.

"அப்ப எல்லாமே பாதியிலதான் நின்னுச்சா?" எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க நிறுத்தல அண்ணி. நாங்க நிறுத்திட்டுத்தான் அடுத்ததுக்குப் போவோம். அதான் எங்க யாருக்கும் இது தெரியல."

நான் செய்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, மென்பொருளைச் செய்தவர்களுக்கு அனுப்பினார். ஏன் நிறுத்தவில்லை என்று அங்கிருந்து ஒருவர் கேட்டிருந்தார். காரணத்தையும் எழுதச் சொன்னேன். சத்தத்தைக் குறைத்தாலும் பாட்டு கடைசிவரை ஓடி, பிறகு இடத்தை விடும்படி மாற்றி, திருவிழாவுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். முகம் தெரியாத அவர்கள் பேரிலும் ஒரு சூடம் ஏற்றினேன்.

அபிஷேகம் முடிந்து தீபாராதனை வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தை நானே அடியோடு குறைத்துவிட்டு, தீபாராதனைப் பாட்டைப் போட்டேன். கொழுந்தனார் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. தலைவர் கும்பிட்ட கையோடே எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சந்நிதியில் எல்லாருக்கும் கேட்டது தீபாராதனைப் பாட்டு மட்டும்தான். மற்றது உள்ளே ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்கும் அம்மாவுக்கும் தெரியும். காதில் விழவில்லை என்பதால் ஒன்று முடிந்துபோயிற்று என்று நினைக்க, அன்றிலிருந்து எனக்கு மனம் வருவதில்லை.