வாத்தியார் கண்டுபிடித்த அணி

நான் நர்ஸாக வேலைக்குப் போன வீடுகளில், நோயாளியைவிட நோயாளியின் கணவர் அதிகம் படுத்தியது ஒரே வீட்டில்தான். அவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் பிரித்து மேய்ந்துவிடுவார். மாத்திரை உறையில் 'உணவுக்குப் பின், உறக்கத்துக்கு முன்' என்றிருந்தது. முதலெழுத்தில் மோனை, முடிவில் முரண் என்று அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் மனைவி மாத்திரை போடாமலே தூங்கிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தையல் ஆறிவிட்டது. இப்போது நடக்காவிட்டால் பிறகு கட்டிலே கதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன் என்றேன். மறுபக்கம் கணவர் வந்து பிடித்தால்தான் நடப்பேன் என்று அம்மா படுத்தபடியே ஒற்றைக் காலில் நின்றார். அதற்குத்தான் நர்ஸம்மா இருக்கிறாரே என்று வாத்தியார் முன்னறைக்கு நழுவிவிடுவார். மனைவி விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை.

கேட்டுச் சலித்த அம்மா ஒரு காலையில் நாலு வரி சொன்னார். நான் எழுதி, யாருடையது என்று சொல்லாமல் அவரிடம் நீட்டினேன்.

*கட்டிலில் கிடக்குது கால்,*
*எட்டும் தூரத்தில் கோல்;*
*எட்டி வராது, ஏனென்றும் கேட்காது,*
*கட்டழகாய் நிற்குது காண்.*

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்தார். எதுகை சுத்தம், கால்–கோல் நல்ல இயைபு, மூன்றாம் அடியில் மட்டும் ஒரு சீர் கூடுதல் என்று வரிக்கு வரி கோடு போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கோல்னு சொல்லிட்டு யாருன்னு சொல்லல பாருங்க. உவமையை மட்டும் வெச்சுப் பொருளை மறைச்சிருக்கு. இது பிறிது மொழிதல் அணி. படிக்கிறவன்தான் புரிஞ்சுக்கணும்."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம? அது செங்கோல். கட்டில்ல கிடக்கறது குடிமக்கள். அரசாங்கத்தைக் குத்தறாங்க."

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செங்கோலும் இல்ல, கொடுங்கோலும் இல்ல. நீங்கதான்."

வாத்தியார் பாட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனாவை மூடினார். மெல்ல எழுந்து படுக்கையறை வாசலுக்குப் போனார்.

"கட்டழகுன்னு வேற போட்டிருக்கே."

"அது மோனைக்காகப் போட்டது. கையக் குடுங்க."

"மறுபடி விழுந்துட்டியானா?"

"விழுந்தா ரெண்டு பேருமா விழுவோம். பிடிங்க."

பிடித்தார். மறுபக்கம் நான். அவரோ இன்னொரு கையால் கட்டிலையும் பிடித்துக்கொண்டார். இருவரில் யாரைத் தாங்குவது என்று எனக்கே குழப்பம். கதவை எட்டியதும், இடது கால் கொஞ்சம் பின்தங்குகிறது என்று ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார் அம்மா. திரும்பும்போது நான் என் கையை விட்டுவிட்டேன். இருவரும் கவனிக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாட்டை நம்பி நோயாளியை விட முடியுமா?