முதுநகர் வாசலும் சிதம்பரத்து முற்றமும்

தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணி எழுந்து நின்றதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஸ்டூல் மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. ஏழரை மணிக்குத் தொடர் தொடங்கினால் அண்ணியும் நானும் எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவோம். அண்ணியின் மடியில் முறம், முறத்தில் பண்ருட்டி வியாபாரி கொடுத்துவிட்டுப் போன முந்திரிப் பருப்பு. அவர் விரல்கள் பார்க்காமலே தோலை உரித்துப்போட்டுக்கொண்டிருக்கும். அன்று விரல்கள் பாதியில் நின்றன. கொஞ்ச நேரத்தில் முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, யாரோ பெரியவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது போல எழுந்து நின்றார்.

திரையில் ஒரு பெண் பெரிய வீட்டு முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பா செத்துப்போய், காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உச்சி வெயிலில் உட்கார்ந்தாள். அதன் பிறகு பேச்சே இல்லை, பின்னணி இசைகூட இல்லை. அப்படியே வெகுநேரம் இருந்தவள் ஒரு கட்டத்தில் சட்டென்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைத்து முற்றத்தைக் கழுவத் தொடங்கினாள். அவ்வளவுதான் அன்றைய பகுதி.

அண்ணிக்கு முதல் குழந்தை பிறந்து பத்தாம் நாள் தவறிப்போய் அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், சமைப்பார், பருப்பு உரிப்பார். மற்றபடி வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றே தெரியாது. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது கூடம், சமையற்கட்டு, தாழ்வாரம் எல்லாம் ஈரமாக இருந்தன. அண்ணி முட்டிவரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். “காலைத் தூக்கு பாப்பா,” என்றார். அவர் வாயிலிருந்து தானாக ஒரு வார்த்தை வந்து அத்தனை நாளாகியிருந்தது. அந்தத் தொடரை எழுதியவருக்கும் நடித்தவருக்கும் மேல்பட்டாம்பாக்கத்தில் இப்படி ஒரு வீடு இருப்பது தெரிந்திருக்காது. பக்கத்திலேயே இருந்து பார்த்த எனக்கே அதன் அளவு அன்று புரியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணிக்கு ஒரு பழக்கம் வந்தது. எதுவும் கைமீறிப் போகும்போது, பேசாமல் ஒரு தரம் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார். பிறகு பிறந்த மகன் மூளைக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தபோது பார்த்தார். அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, திரும்பி வராமல் போன அன்றும் பார்த்தார். சாமி கும்பிடுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது எந்தப் பார்வை என்று தெரியும்.

தொடரின் கடைசி நாளில், உதவி செய்த கடலூர் முதுநகர், சிதம்பரம் மக்களுக்கு நன்றி என்று எழுத்து ஓடியது. எங்கோ மதுரைப் பக்கம் என்று நாங்கள் நினைத்திருந்த வீடு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. “ஒரு ஞாயித்துக்கிழமை போலாம்,” என்று அண்ணன் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன, பிள்ளை வளர்ந்தான், சென்னையில் வேலைக்குப் போனான், அண்ணன் போய்ச் சேர்ந்தார், நான் நெல்லிக்குப்பத்தில் ஆசிரியை ஆனேன். யாரும் போகவில்லை.

இரண்டு வருடம் முன்பு, சர்க்கரையால் அண்ணியின் கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று புதுச்சேரியில் டாக்டர் சொன்னார். ஊசி போடலாம், ஆனால் போன பார்வை திரும்பாது, இருப்பதும் எவ்வளவு நாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மகன் உடனே சென்னைக்குக் கூப்பிட்டான். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தன் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார், பிறகு நடப்பதையே குறைத்துக்கொண்டார். அடுத்த முறை ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் கையைத் தொட்டு, “பாப்பா, அந்த வீட்டைப் பாத்துட்டு வந்துடலாமா?” என்றார்.

“எந்த வீட்டை அண்ணி?”

“அதான், நம்ம வீடு. டி.வி.ல வந்துச்சே. கண்ணு இருக்கும்போதே பாத்துடறேன்.”

ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்திருந்த இரண்டு நிமிடத் துண்டில் அந்த வாசற்கதவு தெரிந்தது. அதைப் படம் பிடித்து என் கைப்பேசியில் வைத்திருந்தேன். முதுநகரில் ஒரு டீக்கடையில் காட்டியதும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இது வலை குடோன் ஆச்சே,” என்று கைகாட்டினார். இரண்டாவது தெருவிலேயே கதவு வந்துவிட்டது. அதே இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ்கள், மேலே இரண்டு பக்கமும் செதுக்கிய தாமரை. அண்ணி முகத்தைக் கதவுக்கு வெகு அருகில் கொண்டுபோய், குமிழ்களை ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு வரிசையில் மூன்றாவது குமிழ் இல்லை. “அப்பவே இல்ல,” என்றார், நான் கேட்காமலே.

காவலுக்கு இருந்த பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே முற்றம் இல்லை. கிணறு இல்லை, தூண் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நைலான் வலைகள் மலை மலையாகக் குவிந்திருந்தன, கடல் நாற்றம் முகத்தில் அடித்தது. அண்ணி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இடித்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

“இடிக்கவெல்லாம் இல்லம்மா,” என்றார் பெரியவர். “எப்பவும் இப்படித்தான். வாசல் மட்டும் இங்க எடுத்தாங்க. உள்ள வர்றதெல்லாம் சிதம்பரத்துல. நான் லோடு தூக்க வேன்ல கூடவே போனேனே. நடிச்ச அந்தம்மா இந்தப் படியில இருபது தடவ வலது காலைத் தூக்கிச்சு. அப்புறம் சாமானைக் கட்டிக்கினு சிதம்பரம் போயி எறங்கினோம். அங்க போயித்தான் அந்தக் காலைக் கீழ வச்சிச்சு.” எந்தச் சந்து, எந்தத் திருப்பம் என்று அவரே வழியும் சொன்னார்.

சிதம்பரம் பஸ்ஸில் அண்ணி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏமாந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது, “எம்மாந் தூரம் இருக்கும் பாப்பா?” என்றார். அந்த வாசலிலிருந்து சிதம்பரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும் என்றேன். “காலை அங்க தூக்கி இங்க வச்சிருக்கா பாரு,” என்றார். அந்தக் குரலில் ஏமாற்றம் துளியும் இல்லை. கோபுரத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்க்கிற பிள்ளையின் குரல் அது. நான் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தேன். இத்தனை வருடம் நாங்கள் இமைக்கும் நேரத்தில் கடந்த அந்த ஒரு எட்டுக்குள் இந்த ஆறும் இந்த உப்பங்கழியும் இத்தனை ஊர்களும் இருந்திருக்கின்றன.

சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். வீடு வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, “விக்கிறதா இல்லீங்க,” என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி, “அம்மா, இந்த வீட்டை இருபத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போறேன்,” என்றார். அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

நான் கையை நீட்டினேன். அண்ணி பிடித்துக்கொள்ளவில்லை. நடைவழியில் நேராகப் போனார், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் திரும்பும் இடத்தில் நின்று, காலால் துழாவாமல் ஒரு படி நிதானமாக இறங்கினார். வீட்டுக்கார அம்மாள் என் தோளைப் பற்றிக்கொண்டார். “அந்தப் படியில புதுசா வர்ற எல்லாருமே தடுக்கி விழுவாங்க. அவுங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். அண்ணி அதற்குள் முற்றத்தின் நடுவில் இருந்தார். கிணறு எந்த மூலை, அடுக்களை எந்தப் பக்கம், உரல் எங்கே கிடக்கும் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தன் வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறவர், வாழ்நாளில் கால் வைத்திராத ஒரு வீட்டில் கைவீசி நடந்தார்.

“இந்தத் தூணெல்லாம் என்ன கலரும்மா?” என்று அண்ணி கேட்டார். “எங்க வீட்டுல கறுப்பு வெள்ளை டி.வி.”

“இப்ப சுண்ணாம்பு. சூட்டிங்குக்குப் பச்சை அடிச்சாங்க. கேக்காம அடிச்சிட்டாங்கன்னு அப்பாவுக்குக் கோவம். அந்த நாடகத்தை யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டார். எங்க வீட்டுலதான் எடுத்தாங்க, நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல.” தூணின் இடுக்கில் மிச்சமிருந்த பச்சையை அவர் காட்டினார். அண்ணி கண்ணை அதன் மேல் ஒட்டவைத்தது போலப் பார்த்தார்.

பிறகு இருவரும் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை நான் கண்டிராத ஒன்று அங்கே நடந்தது. தொடரில் அந்த வீட்டுக்குள் என்னென்ன நடந்தது என்பதை அங்கேயே பிறந்தவருக்கு அண்ணி சொன்னார். தொடரில் கொல்லைக் கதவைத் திறந்தால் பிச்சாவரம் போலத் தண்ணீர் தெரியும் என்று அண்ணி சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து போய் ஒரு முறை அந்தக் கதவைத் திறந்தே பார்த்தார். முருங்கை மரமும் துணிக்கொடியும் இருந்தன. இருவரும் சிரித்தார்கள். கடைசியில் அண்ணி அந்த உச்சி வெயில் காட்சிக்கு வந்தார். அவள் தனியாக உட்கார்ந்தது, யாருமில்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடந்தது, சட்டென்று நிமிர்ந்து மேலே பார்த்தது. அதைச் சொல்லும்போது அண்ணியின் தலையும் நிமிர்ந்தது.

அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார். “அதையா போட்டாங்க?” என்றார்.

அண்ணிக்குப் புரியவில்லை.

“அன்னைக்கி நாங்க ஆறு பேரு மேல இருந்தோம். சத்தம் வரக்கூடாதுன்னு அந்த மாடி ரூம்ல அடைச்சிட்டாங்க. மூச்சுகூட விடல. கடைசியில என் தங்கச்சி தும்மிட்டா. ஏழு வயசு அவளுக்கு. கீழ அந்தம்மா அண்ணாந்து எங்களைப் பாத்துச்சு. எல்லாம் கெட்டுதுன்னு அப்பா அவளை ஒரு அறை வச்சாரு. திரும்ப எடுப்பாங்கன்னு நெனச்சோம். எடுக்கல. நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

இருபத்தைந்து வருடம் அண்ணி எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாரோ, அது ஒரு குழந்தையின் தும்மல். இதை இவர் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அண்ணி மாடி ஜன்னல் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். அவருக்கு அங்கே ஏதோ மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

“அப்ப மேல ஆளு இருந்திருக்கு,” என்றார் மெதுவாக. “அவ தனியா இல்ல.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்த மாதமே மகனிடம், இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். தன் வீட்டையும் அடி அடியாகப் படிக்கத் தொடங்கினார். எந்த இடத்தில் எத்தனை எட்டு என்று பாடம் சொல்லுவது போல எனக்கும் சொல்லுவார். வலது கண் இப்போது முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் இருக்கிறது. ஊசி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிதம்பரத்து அம்மாள் வாரம் ஒரு முறை கூப்பிடுகிறார். சென்ற மாதம் வேறு ஒரு குரல் வந்தது. நான்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். திருப்பூரிலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்தப் பெண், சற்றுத் தயங்கிவிட்டு, “அக்கா, நான்தான் அன்னைக்கித் தும்மினது,” என்றாள்.

அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப அடிச்சாங்களாம்மா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் மறந்துபோச்சுக்கா,” என்று அந்தப் பெண் சிரித்தாள். லீவுக்கு வரும்போது பார்க்க வருகிறேன் என்றாள். பிறகு, அக்காவுக்குக் கண் எப்படி இருக்கிறது, தன்னைப் பார்த்தால் தெரியுமா என்று கேட்டாள்.

“வெளிச்சம் தெரியுது,” என்றார் அண்ணி. “நீ வந்து பக்கத்துல உக்காரு. தெரியும்.”